பத்துப் பேரோடு வந்த அணி

1993 ஆடி மாதம். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர்கள் லண்டன் ஹரோவில் ஒரு பூங்காவில் உதைபந்தாட்டப் போட்டி நடத்தினார்கள். அரையிறுதியில் எங்கள் கல்லூரிக்கு எதிராக ஒரு சின்னக் கிராமப் பள்ளிக்கூடத்து அணி வந்தது. அவர்களில் ஒருவருக்கு வேலை ஷிப்ட் என்பதால் பத்துப் பேர்தான் இறங்கினார்கள்.

“இவங்களுக்கும் பயப்பிடுறியளோ, கணேசலிங்கம் அண்ணை?” என்று பார்வையாளர் பக்கத்தில் என்னோடு நின்ற பாலேந்திரா என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“ஓம். தோத்தா அவங்களை ஒருத்தரும் கேக்கப் போறதில்லை. எங்களை வருசம் முழுக்கக் கேப்பினம்.”

“சும்மா இருங்கோ. அஞ்சு கோல் அடிப்பம்.”

இடைவேளை வரை ஒரு கோலும் விழவில்லை. பாலேந்திரா பேச்சைக் குறைத்துக்கொண்டான். அவர்கள் பந்தோடு முன்னேறிய ஒவ்வொரு முறையும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகும் ஒருவரும் கோல் அடிக்கவில்லை. கடைசி நிமிடத்தில் அவர்களுக்குக் கோர்னர் உதை கிடைத்தது.

“என்னால பாக்க ஏலாது அண்ணை. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ,” என்று பாலேந்திரா மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றான்.

அவர்களில் தலை நரைத்த ஒருவர் எம்பித் தலையால் முட்டினார். பந்து வலைக்குள் போனது.

பாலேந்திரா என் முகத்தையே பார்த்தான். நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் எழுந்த கூச்சலில் அவனுக்கே விளங்கிவிட்டது.