எண்பதில் பிளக்கைப் பிடுங்குபவர்

"கொலைகாரன் யாருன்னு சொல்ல வாயெடுத்தாரும்மா. அதுக்குள்ள உயிர் போயிடுச்சு," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர், கருவியை மேசைமீது வைத்தபடி.

உயிர் போனது கதையில் வரும் துப்பறிவாளருக்கு அல்ல, கதையைப் படித்துக்காட்டிய கருவிக்கு. சோப்புப் பெட்டி அளவில் இருக்கும் அந்தக் கருவியில்தான் நூலகத்தின் பார்வையற்ற வாசகர்கள் புத்தகம் கேட்டார்கள். ஒலிப்புத்தகப் பிரிவில் மொத்தம் இருபத்திரண்டு கருவிகள். புது பேட்டரி போட்டால் ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம் படிக்கும். ஒன்றரை வருடம் போனால் எட்டு மணி நேரம். அதற்கப்புறம் கதை சூடுபிடிக்கிற இடமாகப் பார்த்துக் கழுத்தறுக்கும்.

பிரிவைக் கவனித்துக்கொண்ட நூலகருக்கு இது அவமானமாக இருந்தது. அந்தக் கட்டடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நூறு அக்கா" என்றால்தான் தெரியும். நூறு சதவீதம் சார்ஜ் ஏறாத கருவியை அவர் வெளியே விட்டதாகச் சரித்திரம் கிடையாது. திரும்பி வந்த கருவிகளைத் துடைத்து, இரும்பு அலமாரியில் வரிசையாகச் சார்ஜில் செருகி, தூசி படாமல் கதவைச் சாத்திவிடுவார். அடுத்த வாசகர் வரும்வரை, நான்கு நாளோ நாற்பது நாளோ, அவை அங்கேயே பிளக்கில் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் விரலால் தடவிப் படிக்கும் புடைப்பெழுத்தில் ஒரு அட்டை: "நூறு ஆகும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள்."

நூறு ஆனதும் கருவி ஐந்து சுரத்தில் சின்னதாக ஒரு பாட்டுப் பாடும். சாயங்காலம் அலமாரிக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பாட்டு கேட்கும்போது, பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விடுவதுபோல அவருக்கு மனம் நிறையும். அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

இவ்வளவு சீராட்டியும் இருபத்தொரு பேட்டரிகள் நோஞ்சானாகிவிட்டன. இருபத்திரண்டாவது மட்டும் நான்கு வருடமாகக் கல்லுப்போல இருந்தது. அது பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் ஒரு பார்வையற்ற வாசகரிடம் இருந்தது. ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் கருவியை வருடம் முழுக்க அவரே வைத்துக்கொள்ளச் சிறப்பு அனுமதி உண்டு. புத்தகம் மாற்ற மட்டும் நூலகத்துக்கு வருவார். அவருடைய கருவியின் மூடி உடைந்து டேப் ஒட்டியிருக்கும். சுத்தியலோடும் கம்பித் துண்டுகளோடும் பையில் கிடக்கும். அதை ஒருநாளாவது யாராவது துடைத்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

இது ஏன் என்று நூறு அக்காவுக்குப் பிடிபடவே இல்லை. பிடிபட்டே ஆகவேண்டிய நிலைமையும் வந்துவிட்டது. கருவியைச் செய்த நிறுவனம் பேட்டரி தயாரிப்பதை நிறுத்திவிட்டது. கடைசியாக இருந்த இருபத்தொன்றை ஒரே பெட்டியில் அனுப்பியிருந்தார்கள்.

"இதுதான் கடைசி," என்றார் தலைமை நூலகர். "வேற கருவி கிடைக்கப்போறதில்ல. இந்தப் பெட்டி எத்தனை நாள் ஓடுதோ அத்தனை நாள்தான் உங்க பிரிவு. பாத்துக்கங்க."

பத்து நாளாகப் பெட்டி பிரிக்கப்படாமல் மேசைமேல் இருந்தது. வாசகர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எதனால் சாகிறது என்று தெரியாமல் இதையும் அதே கதிக்கு அனுப்பக் கூடாது என்று நூறு அக்கா பிடிவாதமாக இருந்தார்.

பதினோராம் நாள் நூலக அரங்கத்தின் பியானோவைச் சரிசெய்ய சுருதிக்காரரே வந்து சேர்ந்தார். இரண்டு நாள் வேலை.

"சார், உங்க பேட்டரியை ஒரு நாளைக்குக் கடன் குடுங்க," என்று போய் நின்றார் நூறு அக்கா.

"தாராளமா எடுத்துக்கங்க மேடம். ஆனா பன்னெண்டாவது அத்தியாயத்துல கப்பல் முழுகிட்டிருக்கு. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. அதுவரைக்கும் எல்லாரும் தண்ணியிலயே கெடப்பாங்க."

நூறு அக்காவின் யோசனை இதுதான். சுருதிக்காரரின் கருவியில் ஏதோ விசேஷம் இருந்தால், அந்த பேட்டரியைக் கழற்றித் தபால்காரரின் கருவியில் போட்டதும் அதன் குட்டு வெளிப்பட்டுவிடும், சீக்கிரமே படுத்துவிடும். படுக்காவிட்டால் கருவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சங்கதி பேட்டரியில்தான் இருக்கிறது.

அன்றே அப்படி மாற்றித் தபால்காரரிடம் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலையில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தோட்டக்காரன்மா."

"என்ன தோட்டக்காரர்?"

"கொலை பண்ணது. எனக்கு மூணாவது அத்தியாயத்துலயே சந்தேகம்."

"போன வாரம் டாக்டர்னு அடிச்சுச் சொன்னீங்களே?"

"அது உங்க பழைய பேட்டரி பண்ண குழப்பம்மா. இது முழுசாப் படிச்சிட்டு இன்னும் முப்பது இருக்குங்குது."

ஆக, நல்ல குணம் பேட்டரியோடது. ஆனால் அந்த பேட்டரியும் நோஞ்சானான இருபத்தொன்றும் நான்கு வருடம் முன்பு ஒரே பெட்டியில், ஒரே நாளில் வந்தவை; முதுகில் ஒட்டிய தேதிச் சீட்டே சாட்சி. பிறப்பில் வித்தியாசமில்லை என்றால் வளர்ப்பில்தான் இருக்க வேண்டும். எப்படி வளர்த்தார் என்று கேட்டால், "நான் எங்க மேடம் வளர்த்தேன், அதுவா வளர்ந்துச்சு," என்றார் சுருதிக்காரர்.

தபால்காரரிடமிருந்து பேட்டரியைத் திரும்ப வாங்கி, சுருதிக்காரரின் கருவியில் பொருத்தி, அரங்கச் சுவரில் சார்ஜுக்குச் செருகிவிட்டு, நூறு அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சுருதிக்காரர் பியானோவின் வயிற்றைத் திறந்து, ஒவ்வொரு கம்பியாக முறுக்கித் தட்டிக்கொண்டிருந்தார். சார்ஜ் பத்துப் பத்தாக ஏறும்போது கருவி வாய்விட்டுச் சொல்லும். நாற்பது என்றது. ஐம்பது. அறுபது. எழுபது.

"எண்பது," என்றது கருவி.

சுருதிக்காரர் கம்பி முறுக்கும் சாவியைக் கீழே வைத்தார், சுவரைத் தடவி நடந்தார், பிளக்கைப் பிடுங்கினார், திரும்பி வந்து கம்பியை முறுக்கினார்.

"சார், இன்னும் முழுசாகலை," என்று நூறு அக்கா எழுந்துபோய் மறுபடி செருகினார்.

அவர் மறுபடி நடந்துபோய்ப் பிடுங்கினார்.

"எதுக்கு சார் பிடுங்குறீங்க? அட்டையில எழுதியிருக்கேனே."

"படிச்சேன் மேடம், மன்னிக்கணும். ஆனா விட்டா அது பாட ஆரம்பிச்சிடும்."

"பாடட்டுமே. அழகா இருக்குமே."

சுருதிக்காரர் யாரோ பல்லில் மணலைப் போட்டதுபோல முகத்தைச் சுளித்தார். பியானோவில் அந்த ஐந்து சுரத்தையும் வாசித்தார். "இது பாட்டு. இப்ப உங்க கருவி பாடுறதைக் கேளுங்க." நான்காவது சுரத்தை மட்டும் வாயால், ஒரு மயிரிழை இறக்கிப் பாடிக்காட்டினார். "நாலாவது சுரம் தொங்குது. நாள் முழுக்கத் தொங்குறதைத் தூக்கி நிறுத்துறதுதான் என் பொழப்பு. சாப்பிட உக்காந்தாலும் அதே தொங்கலா? முதல் வாரமே முடிவு பண்ணிட்டேன், நூறு ஆகவே விடக்கூடாதுன்னு. தொண்ணூறு வரைக்கும் விட்டா நான் மறந்துடுவேன், அது பாடிடும். அதனால எண்பதுலயே பிடுங்கிடுவேன். நாலு வருஷமாச்சு, அது பாடி."

நூறே ஆகாத பேட்டரிதான் நான்கு வருடம் பிழைத்திருக்கிறது என்பது நூறு அக்காவுக்கு உறைத்தது. பிறகு எழுந்து தன் பிரிவுக்குப் போய், அலமாரியைத் திறந்து, உள்ளே கையை வைத்துப் பார்த்தார். அப்போதுதான் தேய்த்த சட்டைபோல வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சூட்டை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. உடனே தன் நாத்தனாரைக் கூப்பிட்டார். நாத்தனார் அடுத்த தெருவில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார்.

நாத்தனார் வந்தார், அலமாரியைப் பார்த்தார், அட்டையைப் படித்துக்காட்டச் சொன்னார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"அண்ணி, நீங்க இதுங்களைப் பட்டினி போட்டுக் கொல்லலை. ஊட்டி ஊட்டியே கொன்னிருக்கீங்க."

"சிரிக்காம சொல்லு."

"ஒரு பஸ்ஸு. எண்பது பேர் ஏறுற வரைக்கும் எல்லாரும் நல்லவங்க. அதுக்கு மேல இருபது பேரைத் திணிச்சு, கதவைச் சாத்தி, வெயில்ல நிறுத்திட்டுப் போயிட்டா?"

"சண்டை வரும்."

"சீட்டு கிழியும், கம்பி வளையும். திணிச்சு ஒரு மணி நேரத்துல இறக்கிவிட்டாப் பெருசா ஒண்ணும் ஆகாது. நீங்க நாப்பது நாள் நிறுத்தியிருக்கீங்க."

பிறகு பொறுமையாக விளக்கினார். பேட்டரிக்குள் இரண்டு தகடுகள், நடுவில் ஒரு திரவம். சார்ஜ் போடும்போது லித்தியம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் உட்காரும், பயன்படுத்தும்போது திரும்பி வரும். எல்லாம் ஒரே பக்கம் நெருக்கியடித்து நிற்கும்போது மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். அந்த அழுத்தத்தில் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, தகட்டின்மேல் பாத்திரத்தில் அடிப்பிடித்ததுபோல ஒரு படிவம் சேரும். அதில் சிக்கிக்கொள்ளும் லித்தியம் பிறகு வேலைக்கு வராது. கூடவே சூடும் இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

"அப்ப பழசையெல்லாம் இனிமே எண்பதுல நிறுத்தினா தேறிடுமா?"

"அடிப்பிடிச்சது பிடிச்சதுதான் அண்ணி. புதுசைக் காப்பாத்தலாம். அடியோட காலியாக விட்டாலும் கெடும், இருபதுக்குக் கீழ இறங்க விடாதீங்க."

நூறு அக்கா அன்றுதான் பெட்டியைப் பிரித்தார். முதல் பேட்டரியைப் போட்டதும் கருவி "நாற்பது" என்றது. இரண்டாவதும் நாற்பது. ஒவ்வொரு முறையும் புது பேட்டரிகள் பாதி சார்ஜோடு வருவதைக் கண்டித்து முன்பொரு தடவை அவர் நிறுவனத்துக்குக் காரசாரமாகக் கடிதமே எழுதியிருந்தார். இப்போது காது சூடானது.

"கஞ்சத்தனம்னு நெனச்சேன்டி."

"சும்மா இருக்குறப்ப பாதி சார்ஜ்தான் அதுக்கு நிம்மதி. அவங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னும் நெனச்சிருப்பாங்க பாவம்."

அந்த வாரமே அலமாரியின் இரண்டு கதவுகளும் கழற்றப்பட்டன. சார்ஜர்களுக்கு நேரம் வைத்து அணைக்கும் டைமர் பிளக் வந்தது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நூறு அக்கா அளந்தார்: முப்பதிலிருந்து எண்பதுக்கு ஏற ஒரு மணி இருபது நிமிடம். எண்பதில் எடுத்தால் இருபதுக்கு இறங்கும்வரை கருவி ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம் படிக்கும் என்று வாசகர்களிடம் சொன்னார்.

"முழுசா குடுக்காம அனுப்புறீங்களே, நூறு அக்கா பேரு என்ன ஆகும்?" என்று தபால்காரர் சீண்டினார்.

"எண்பதுன்னு மாத்திக்கறேன். உங்களுக்குக் கதை முடிஞ்சா போதும்ல?"

முதல் சில நாட்கள் சாயங்காலத்தில் அலமாரி பாடாமல் இருந்தது அவருக்கு என்னவோபோல் இருந்தது. பிறகு அந்த அமைதியே பழகிவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்து, வழக்கமாகப் பாதி உயிர் போயிருக்கும் நாளில், தலைமை நூலகர் முன்னிலையில் சோதனை நடந்தது. அந்த ஒரு தடவை மட்டும் இருபத்தொரு கருவிகளையும் நூறுவரை ஏற்றினார்கள். நான்காவது சுரம் தொங்குவது இப்போது நூறு அக்காவுக்கே கேட்டது. "ஐயோ, ஆமா," என்று சொல்லிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார். கருவிகள் படிக்கத் தொடங்கின. எட்டாம் மணி நேரத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. பதினைந்தைத் தாண்டிய பிறகுதான் முதல் கருவி ஓய்ந்தது.

தலைமை நூலகர் பிரிவை மூடும் பேச்சைக் கைவிட்டார். தபால்காரர் அடுத்த துப்பறியும் கதைக்குப் பெயர் பதிந்துவிட்டுப் போனார். சுருதிக்காரர் தன் ஐந்தரை வருட பேட்டரியைக் காட்டி, "இதுக்கு ஒரு மாலை போடலாம் மேடம்," என்றார்.

இருபத்திரண்டு பெட்டிகளிலும் இப்போது புது அட்டை இருக்கிறது. புடைப்பெழுத்தில் அதில் இருப்பது இவ்வளவுதான்:

"எண்பது என்று சொன்னதும் பிளக்கைப் பிடுங்குங்கள். இருபதுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஒரு வாரத்துக்குமேல் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், பிளக் இல்லாமல், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். நீண்ட பயணத்துக்கு மட்டும் நூறு ஏற்றுங்கள், ஏற்றியதும் கிளம்பிவிடுங்கள்."