காற்றுக் கோபுரமும் ஈரத்துணியும்

காத்தம்மா என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. எந்த அறைக்குள் போனாலும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து, "காத்து எங்கேருந்து வருது?" என்று கேட்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அலுவலகத்தில் பிறந்த பட்டப்பெயர் வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவள் கட்டடங்களை வரைகிறவள் ஆகாமல் இருந்தால்தான் அதிசயம்.

பல்கலைக்கழகத்தின் புதிய வளாகத்தில் மாணவிகள் விடுதியை அவள்தான் வரைந்தாள். ஏசி கிடையாது. கூரை முழுக்கச் சூரிய மின்தகடுகள். குளித்த தண்ணீர் சுத்தமாகிச் செடிகளுக்குப் போகும். எல்லாவற்றுக்கும் நடுவில் அவளுடைய செல்லப் பிள்ளையான காற்றுக் கோபுரம் நின்றது. உச்சியில் வாயைத் திறந்துகொண்டு, மேலே அடிக்கும் காற்றைப் பிடித்துத் தாழ்வாரங்களுக்கும் அறைகளுக்கும் அனுப்புவது அதன் வேலை. சைக்கிளுக்கு இடம் வைத்தாள், மக்கும் குப்பைக்கு இடம் வைத்தாள், குருவி கூடு கட்டச் சுவரில் பொந்துகூட வைத்தாள். துணி காயப்போட மட்டும் இடம் வைக்க மறந்துபோனாள்.

துணி உலர்த்தும் இயந்திரம் மின்சாரத்தைத் தின்னும், வேண்டவே வேண்டாம் என்று மேசையைத் தட்டிச் சொன்னவளும் அவள்தான். பிறகு அந்தப் பெண்கள் துவைத்ததைத் தலையிலா காயப்போடுவார்கள்? ஜன்னலெல்லாம் போர்வை, கதவெல்லாம் துண்டு.

அதுகூடப் பரவாயில்லை. வெளியே இருப்பதைவிட உள்ளே ஐந்து டிகிரி குறைவாக இருக்கும் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். போர்வைகளை எடுத்துவிட்டு அளந்தாலும் மூன்றைத் தாண்டவில்லை. ஐந்து வராவிட்டால் பல்கலைக்கழகத்தார் அறைக்கு அறை ஏசி மாட்டி, கோபுரத்தின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். கட்டவேண்டிய மற்ற மூன்று விடுதிகளும் வேறு கைக்குப் போய்விடும். அந்தச் செங்கல் அவளுக்குக் கனவிலும் வந்தது.

விடுமுறை நாள் ஒன்றில், கட்டடக் குழுத் தலைவர் மதியமே வந்து அளக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. காத்தம்மா அடித்துப் பிடித்து விடுதிக்கு ஓடினாள். வாசலிலேயே வார்டன் நின்றாள். வார்டன் வேறு யாருமில்லை, காத்தம்மாவின் நாத்தனார், கணவனின் தங்கை.

"இன்னிக்குன்னு பார்த்தா அவர் அளக்க வரணும், அண்ணி? மொத்த விடுதியும் துவைச்சுத் தொங்கவிட்டிருக்கு!"

"ஒரு துணிகூட அவர் கண்ணுல படக்கூடாது. எங்க வேணா கொண்டுபோய் ஒளிச்சு வை. எங்கிட்ட எதுவும் கேக்காத."

"சரி அண்ணி. கேக்கல."

நாத்தனார் எதிர்ப்பேச்சுப் பேசாமல் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. காத்தம்மாவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படியெல்லாம் ஒரே ஓட்டமும் சிரிப்பும். வாளியோடு ஒருத்தி, பூப்பந்து வலையைச் சுருட்டிக்கொண்டு ஒருத்தி, தலையணை உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு கண் தெரியாமல் ஒருத்தி. கடைசியில் பார்த்தால் விடுதியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

தலைவர் வெயிலில் வெந்து, பிழிந்தால் ஒரு சொம்பு தேறும் அளவுக்கு வியர்த்து வந்து சேர்ந்தார். ஏசி இல்லாத இடத்தில் மனிதன் படிக்க முடியாது என்பது அவர் கட்சி. வெப்பமானியை ஏதோ ஆயுதம் போலப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்குள் காலை வைத்தார்.

வைத்தவர் நின்றார். சட்டைக் காலரைத் தளர்த்தினார். "அப்பாடா" என்றது அவர் வாய், அவரைக் கேட்காமலே.

வெப்பமானி ஏழு டிகிரி குறைவு என்றது. இரண்டாவது முறை அளந்தார், ஏழுதான். காத்தம்மாவுக்குத் தலை கிறுகிறுத்தது. சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி. எப்படி ஏழு?

"எங்கம்மா ஏசியை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார் தலைவர்.

"ஐயோ சார், அப்படியெல்லாம் எதுவும் இல்லை."

மனிதர் நம்பவில்லை. அலமாரியைத் திறந்தார், முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தலைவர் குளிர்காற்று வந்த வழியே நடந்து கோபுரத்தின் அடியில் போய் நின்றார். சோப்பு வாசனை. அண்ணாந்து பார்க்கத் தலையைத் தூக்கவும், அவர் வழுக்கையில் சொத்தென்று ஒரு ஈரச் சாக்ஸ் விழவும் சரியாக இருந்தது.

மேலே, கோபுரம் முழுக்கத் துணி. அடுக்கடுக்காகக் கயிறும் வலையும் கட்டி, போர்வை, சுடிதார், பாவாடை, யாரோ ஒருத்தியின் கரடி பொம்மை. வறண்ட அனல்காற்று அத்தனை ஈரத்துக்குள்ளும் புகுந்து குளிர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் திருதிருவென்று விழித்தாள்.

"இதுவும் உங்க படத்துல இருக்கா?" தலைவர் சாக்ஸை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் காத்தம்மாவுக்குத் தன் கோபுரத்தின் மேல் பொய்யை ஏற்ற மனம் வரவில்லை.

"இல்ல சார். துணி காயப்போட இடம் வரைய மறந்துட்டேன். இது ஒளிச்சு வெச்சது. ஈரத்துணி இல்லைன்னா மூணுதான் குறையும், அஞ்சு வராது."

சிரிப்பு நின்றது. தலைவர் வெப்பமானியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். காத்தம்மாவின் கண்முன்னால் செங்கல் ஒவ்வொன்றாக ஏறியது.

"அப்ப இந்தத் துணியெல்லாம் காய்ஞ்சுட்டா?" என்றார்.

நாத்தனாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சார், இது விடுதி! ஒருத்தி துணி காயறதுக்குள்ள இன்னொருத்தி துவைச்சு எடுத்துட்டு வந்து நிப்பா. இங்க எதுக்கு வேணா பஞ்சம் வரலாம், ஈரத்துணிக்கு வருமா?"

தலைவரின் தொப்பைதான் முதலில் குலுங்கியது. பிறகு அவர் முழுவதும் குலுங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, துடைக்கக் கைக்குட்டை கிடைக்காமல் சாக்ஸாலேயே துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் விடுதியே வெடித்தது.

"மத்த மூணு விடுதியையும் நீங்களே வரைஞ்சுடுங்கம்மா," என்றார் மூச்சு வாங்கியபடி. "ஆனா முதல் கோடு கொடிக்கயிறா இருக்கட்டும்."

அவர் போனதும் காத்தம்மா கோபுரத்தின் அடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மேலிருந்து காற்று இறங்கி முகத்தைத் தொட்டது, அது எங்கேயிருந்து வருகிறது என்று முதன்முறையாக அவள் கேட்கவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்து, மடியில் விரித்த கோபுரப் படத்தின் குறுக்கே அடுக்கடுக்காகக் கயிறு வரைந்தாள். வரைந்து முடித்துப் பெருமையாக நாத்தனாரிடம் நீட்டினாள்.

அவள் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. கிளிப் எங்க? அது இல்லாமத்தானே சாக்ஸ் அவர் தலையில விழுந்துச்சு!"