பதினோரு மணிச் சிவப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்டது. அறிவியல் மலர் ஒன்றின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "புதுக் கண்டுபிடிப்புகள் நம்ம அன்றாடப் பிரச்சினைகள எப்படித் தீர்க்குதுன்னு ஒரு கதை வேணும். முடிவு மட்டும் கொஞ்சம் நம்பிக்கையா இருக்கட்டும்" என்றார். உடனே ஒப்புக்கொண்டேன். எனக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் அந்த வேலையில்தான் இருந்தார்கள்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "பொழுது புலர்ந்ததும் நகரம் பசுமையாய் மூச்சுவிட, தொழில்நுட்பம் என்னும் தேவதை தன் சிறகை..."

(தேவதையை அங்கேயே இறக்கிவிட்டேன். எங்கே போகவேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை.)

2

அண்ணி காற்றை அளக்கும் கருவிகளைப் பராமரிப்பவர். தெருக் கம்பங்களில் சாப்பாட்டு அடுக்கு அளவில் வெள்ளைப் பெட்டிகள் இருக்கும். உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி அதிலுள்ள தூசியை எண்ணும், வெளியே ஒரு விளக்கு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். என்ன தூசி என்று பெட்டிக்குத் தெரியாது. எவ்வளவு என்றுதான் தெரியும்.

அண்ணன் உலைக்காரர். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கும் பட்டறையில் வேலை. "குப்பைக்குப் போறதுக்கு நாங்க மறுபடி உயிர் குடுக்கறோம்" என்பார். பட்டறைப் புகைபோக்கியில் புதுவகை வடிகட்டியும் உண்டு. அதன் திறப்புவிழாப் படத்தில் பக்கத்தில் நிற்கிறார், தானே பெற்றெடுத்ததைப் போல.

ஆக, ஒரு கண்டுபிடிப்பின் குப்பையை இன்னொன்று உருக்கியது. அதன் புகையை மூன்றாவது வடிகட்டியது. நான்காவது அதைக் கண்காணித்தது. கதை தானாகவே நம்பிக்கையாக முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

3

சிக்கல் இதுதான்: பட்டறைக்கு எதிரே பள்ளிக்கூடச் சுவரோரம் இருந்த பெட்டி தினமும் பதினோரு மணிக்குச் சிவந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது. நானும் இருந்தேன்.

"உன் பெட்டி கெட்டுப்போச்சு போல" என்றார் அண்ணன்.

"மூணு தடவ மாத்திட்டேன். புதுப் பெட்டியும் அதே நேரத்துக்குத்தான் செவக்குது."

"அப்ப கொஞ்சம் தள்ளித்தான் வையேன்."

"பெட்டியத் தள்ளி வெக்கலாங்க. பிள்ளைங்கள எங்க தள்ளி வெக்கறது?"

அண்ணன் வயிற்றைத் தடவிக்கொண்டார். எட்டு வருடமாக அவருக்கு அடிக்கடி வயிற்றுவலி. எட்டு வருடமாக அதற்குக் காரணம் அண்ணியின் சமையல் என்பது வீட்டில் தீர்ந்துபோன விஷயம். நானும் வழிமொழிந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து அண்ணிக்கு உத்தரவு வந்தது. தெருவாசிகளிடம் தேவையற்ற பதற்றம் ஏற்படுவதால் பெட்டியைப் பூங்காவுக்கு மாற்றவும்.

[இங்கே நான் எழுதியிருந்தது: "அண்ணி அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்து, அதிகாரியின் முகத்துக்கு நேரே..."]

இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"கிழிக்கல தம்பி. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். ஏணி கொண்டுபோய்க் கழட்டி, பூங்காவுல மாட்டினேன்."

"கதைக்காகத்தான் அண்ணி."

"கதைக்காக என்னைய வீராங்கனை ஆக்காதீங்க. நெசமாவே நான் செஞ்சது அதுல மறைஞ்சுபோயிடும்."

4

அவர் செய்தது இது. கழற்றும்போது, பெட்டிக்குள் படிந்திருந்த சாம்பல்நிறத் தூசியைச் சின்னத் தூரிகையால் ஒரு தாளில் கூட்டி மடித்தார். வீட்டில் துவைக்கக் கிடந்த அண்ணனின் வேலைச் சட்டையை இன்னொரு தாளின்மேல் உதறினார். இரண்டையும் ஆய்வகத்தில் கொடுத்தார். இரண்டிலும் ஈயம் இருந்தது. பிறகு அண்ணனிடம் ஏதேதோ பேச்சுக் கொடுத்தபடியே கூட்டிப்போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வைத்தார்.

அவர் இரத்தத்தில் ஈயம், இருக்கலாம் என்கிற அளவைப்போல ஒன்பது மடங்கு. வயிற்றுவலி உண்டா, கை நடுங்குகிறதா, மறதி இருக்கிறதா என்று மருத்துவர் வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அண்ணன் தலையாட்டினார். வெளியே வந்ததும் அண்ணி மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவே, "அப்ப என் சமையல் இல்ல" என்றார்.

(இங்கே சிரிக்கலாமா என்று நீங்கள் தயங்கினால், தயங்குங்கள். என்னால் இன்னும் சிரிக்க முடியவில்லை.)

அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வடிகட்டிய அணைக்கறது நான்தான்."

"என்ன சொல்றீங்க?"

"அது ஓடினா உலை மெதுவாத்தான் சூடேறும். முதலாளி அணைக்கச் சொன்னார். தினம் பதினோரு மணிக்கு, ஒரு மணி நேரம். சுவிட்ச் என் கைக்கிட்ட இருக்கு."

"எவ்வளவு நாளா?"

"படம் எடுத்த மறுநாள்லேருந்து."

5

பழியை ஏதாவது ஒரு கருவியின் தலையில் கட்டலாம் என்று அரைப் பக்கம் கட்டுரை எழுதினேன். "அறிவியலின் எல்லை யாதெனில்..." என்று வந்ததும் அடித்துவிட்டேன். எல்லாக் கருவிகளும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன.

மறுநாள் அண்ணன் வடிகட்டியை அணைக்கவில்லை. உலை சாவகாசமாகச் சூடேறியது. முதலாளி வந்து யார் வேலை இது என்று கேட்டார். அண்ணன் "நான்தான்" என்று இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். "முதல்ல உடம்பப் பாருங்க, வீட்டுல இருங்க" என்று மரியாதையாகவே அனுப்பிவைத்தார்கள். திரும்பக் கூப்பிடவில்லை.

அவரோடு வேலை செய்த பத்துப் பேரில் மூன்று பேர் இரத்தம் கொடுத்தார்கள். மற்றவர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். அண்ணி ஆய்வகத் தாள்களைப் பள்ளித் தலைமையாசிரியையிடம் கொடுத்தார். இப்போது பதினோரு மணிக்கு அங்கே சன்னல்களைச் சாத்துகிறார்கள். சன்னல் நல்ல கண்டுபிடிப்பு. அண்ணியிடம் விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. பதிலை அண்ணன் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுகிறார்.

உலையில் இப்போது நிற்பவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். ஆறு வருடம் அண்ணனோடு ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். இன்று மாலை அண்ணன் அவர் வீட்டுக்குப் போனார். நான் துணைக்குப் போய் வாசலிலேயே நின்றுகொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

"என்ன சொன்னார்?"

"கேட்டுக்கிட்டார். அவருக்கும் வயித்துவலி இருக்காம்."

"இனிமே அணைக்க மாட்டேன்னாரா?"

"அத நான் கேக்கலடா. இத்தன வருஷம் அணைச்சவன், எந்த வாயால கேக்கறது?"

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கண்ணாடிக்காரர் அணைக்கிறார். ஒன்றில் அணைக்கவில்லை. மூன்றாவதில் சரியாகப் பதினோரு மணிக்கு மின்வெட்டு. அது என் கோழைத்தனம்.

அவரை நான் ஒரு கணம்தான் பார்த்தேன். கதவைத் திறந்தார், அண்ணனைக் கண்டு திகைத்தார், நாற்காலியில் கிடந்த துணிகளை அவசரமாக அள்ளிக்கொண்டு "உள்ள வாங்கண்ணே, உக்காருங்க" என்றார். அதற்குமேல் எனக்குத் தெரியாது. நாளைக் காலை பதினோரு மணிக்கு, சுவிட்ச் அருகே அவர் கையை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதும்போது, முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.