இருபத்தாறு ஏப்ரல் காகிதங்கள்

பணம் கைக்கு வருவதற்கு முன்பே செல்லம்மாள் வீடு கட்டிவிட்டாள். சிங்கவரத்தில் அவள் பெயரில் மூன்று சென்ட் பட்டா மனை இருந்தது. அதில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, இது கூடம், இது சமையல்கட்டு, இது தான் படுக்கிற இடம் என்று பிரித்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்புக்கரசியை விடாப்பிடியாக பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சுற்றிலும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை, உச்சி வெயில், மருந்துக்குக்கூட நிழல் இல்லை. சுவரே இல்லாத வாசலில் செல்லம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். அன்புக்கரசியும் கழற்ற வேண்டியதாயிற்று. உள்ளங்கால் பொரிந்தது.

இருவரும் செஞ்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். பஜார் முதலாளிகள் பத்துப் பேர் கமிட்டி போட்டு நடத்துவதால் ஊரில் அதற்குக் கமிட்டி ஸ்கூல் என்று பெயர். அன்புக்கரசி அங்கே கிளார்க். செல்லம்மாள் ஆயா. வகுப்பறை கூட்டுவது, கக்கூஸ் கழுவுவது, மணி அடிப்பது, எல்.கே.ஜி. பிள்ளை டிரவுசரோடு போய்விட்டால் அலசிக் காயப்போடுவது எல்லாம் அவள் தலையில்தான். ஐம்பத்தேழு வயதாகிறது. முட்டி இரண்டும் தேய்ந்து, மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்குவாள். புருஷன் போய்ச் சேர்ந்தபின் தம்பி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் காலம் தள்ளினாள். தம்பி மகன் விமல்ராஜுக்குக் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அந்த அறை வீட்டில் எல்லோர் கண்ணையும் உறுத்த ஆரம்பித்தது. நேரில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் டிரங்குப் பெட்டி மேல் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சாமான் வந்து உட்கார்ந்தது.

அந்த நேரத்தில்தான் ஊக்கத்தொகை அறிவிப்பு வந்தது. கமிட்டிக்காரர்களுக்கு மாலை போட்டுக்கொள்ளக் கழுத்து நீளுமே தவிர, சம்பளம் கொடுக்கக் கை நீளாது. அப்படிப்பட்டவர்கள் மூன்று லட்சம் தருகிறோம் என்று சொன்னதும் செஞ்சியில் நம்பாதவர்கள்தான் அதிகம். காரணம் இல்லாமல் இல்லை. நெல் மண்டி கந்தசாமி தாளாளராக இருந்தவரைக்கும் எல்லாம் பழையபடி ஓடியது. அவர் மகன் பாலமுரளி செயலாளரானதும், பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலையை ஜூன் முதல் காண்ட்ராக்டுக்கு விட முடிவு செய்தான். பழைய ஆட்களைப் பிடித்துத் தள்ளினால் பேர் கெட்டுவிடும். அதனால், இருபத்தைந்து வருடம் இடைவிடாமல் பணி செய்தவர்கள் தாங்களாகவே ஓய்வு பெற விரும்பினால் தலைக்கு மூன்று லட்சம் என்றும், விரும்பாதவர்கள் இருக்கும்வரை இருக்கலாம் என்றும் சுற்றறிக்கை விட்டான். இருபத்தைந்தைத் தாண்டியவர்கள் இரண்டே பேர். இருபத்தாறு வருடமான அன்புக்கரசி, இருபத்தேழு வருடமான செல்லம்மாள். இரண்டு பேரும் விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். ஏப்ரல் முப்பதோடு பணியிலிருந்து விடுவிக்கிறோம் என்று இருவருக்கும் ஆர்டரும் வந்துவிட்டது. செல்லம்மாள் அன்றைக்கே சுண்ணாம்புத் தூள் வாங்கினாள்.

சுற்றறிக்கையை அடித்ததும் அன்புக்கரசிதான். 'இடைவிடாமல்' என்ற வார்த்தையை அவள் விரல் அடித்தது, புத்தி படிக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து வரும் ஆடிட்டர் அரங்கநாதன் திங்கட்கிழமை இரண்டு பேர் ஃபைலையும் பார்த்துவிட்டு ஒப்புதல் தருவார், அதற்குப் பிறகுதான் பணம் என்று பாலமுரளி சொன்னதும், வெள்ளிக்கிழமை மாலை செல்லம்மாளின் ஃபைலைப் பீரோவிலிருந்து எடுத்து விரித்தாள். அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏப்ரல் மாதக் கடைசி வேலை நாளில் ஆயாவையும் வாட்ச்மேனையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். மே மாதச் சம்பளம் கிடையாது. ஜூனில் பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டில் மறுபடி பெயர் எழுதிவிடுவார்கள். கேட்டால் லீவு லெட்டர். காகிதத்தில் இருந்ததோ ஆங்கிலத்தில் இரண்டே வரி. சொந்தக் காரணத்தால் வேலையை விட்டு விலகுகிறேன், எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. வருடக் கணக்கில் யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிக்கொடுத்த யோசனை. கிளார்க்குக்கு மே மாதத்தில் அட்மிஷன் வேலை இருந்ததால் அவளுக்கு மட்டும் அந்தக் காகிதம் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம், தொண்ணூற்றொன்பது ஏப்ரலில், முதல் காகிதத்தை அடித்தவள் அன்புக்கரசி. இது என்ன சார் என்று அப்போதிருந்த மேனேஜரைக் கேட்டாள். லீவு லெட்டர்னு சொல்லு, போதும் என்றார் அவர். முதல் வருடம் சொல்லும்போது நாக்குத் தடுமாறியது. அடுத்த வருடம் அவ்வளவாக இல்லை. வருடத்துக்கு ஒரு தடவையாக இருபத்தாறு தடவை சொல்லும்போது பொய்யும் ஆபீஸ் வேலைகளில் ஒன்றாகிவிடுகிறது. காகிதத்தின் நகல் ஒன்றை ஆளிடமே கொடுக்க வேண்டும் என்பது கமிட்டி உத்தரவு. மனசு கேட்காமல், ஏதோ மதிப்பான சாமானைக் கொடுப்பதுபோல, "பத்திரமா வச்சுக்கக்கா" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக் கொடுப்பாள்.

இப்போது ஃபைலில் அந்த இருபத்தாறும் நூல் கோத்து உட்கார்ந்திருந்தன. ஆடிட்டர் கண்ணில் பட்டால் செல்லம்மாளுக்கு இருபத்தேழு வருடம் கிடையாது. கடைசி ஜூனிலிருந்து எண்ணினால் ஒரு வருடம்கூட முழுசாகத் தேறாது. அன்று வீட்டில் அன்புக்கரசிக்குச் சோறு இறங்கவில்லை. செல்லம்மாளிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம். சொன்னால், இத்தனை வருடமாக உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காகிதங்களை எடுத்துவிடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. கழிவறைகளுக்குப் பின்னால் செல்லம்மாள் பழைய பரீட்சைப் பேப்பர்களைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தாள். வருடக் கடைசியில் எப்போதும் நடக்கிற வேலைதான். ஊரைச் சுற்றிய மலைப்பாறை காய்ந்து வீசும் அனலும் நெருப்பும் சேர்ந்து முகத்தை எரித்தன. அன்புக்கரசி ஃபைலிலிருந்து உருவி மடித்த காகிதக் கட்டு ஒன்றை நீட்டினாள்.

"இன்னாமா இது, ஆபீஸ் பேப்பரா?" என்று கேட்டாள் செல்லம்மாள்.

"பழசுக்கா. ஒண்ணுத்துக்கும் ஆவாது."

செல்லம்மாள் வாங்கி நெருப்பில் போட்டு, எல்லாம் எரியும்படி குச்சியால் கிளறிவிட்டாள். வீட்டுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வைத்தால் காற்று வரும் என்று கேட்டாள். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று அன்புக்கரசிக்கு உள்ளே அடித்துக்கொண்டது. தெற்குப் பக்கம் வையுங்கள் என்று மட்டும் சொன்னாள். திரும்பி ஆபீசுக்கு நடக்கும்போது, வாழ்நாளில் முதல் தடவையாகத் துணிந்து ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி அவளுக்கு இருந்தது. அந்தத் திருப்திக்கு ஆயுள் இரண்டு நாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறையில் ஏ.சி. போட்டு ஆடிட்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாலமுரளி. அன்புக்கரசியின் ஃபைல் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சரியாக இருக்கிறது என்று ஆடிட்டர் குறிப்பு எழுதினார். பாலமுரளி கையெழுத்துப் போட்டால் சரி. அவன் பேனாவைத் திறந்தவன், இன்னொன்றையும் பார்த்துவிட்டுச் சேர்த்துப் போடுகிறேன் என்று மூடி வைத்தான். அன்புக்கரசியின் மகள் ஜெயசுதாவுக்குப் புதுச்சேரியில் நர்சிங் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி மே பத்து. அன்புக்கரசியின் கண் அந்தப் பேனாவை விட்டு நகரவில்லை.

செல்லம்மாளின் ஃபைலை ஆடிட்டர் இரண்டு தடவை புரட்டினார். அதில் ஒரு நியமன உத்தரவும் ஒரு பழைய போட்டோவும்தான் இருந்தன. பழைய வருகைப் பதிவேடுகள் எங்கே என்று கேட்டார். ரெக்கார்ட் ரூமில் கரையான் அரித்துவிட்டது என்றாள் அன்புக்கரசி. அது நிஜம்தான். தொண்ணூற்றெட்டில் சேர்ந்தவர் நடுவில் எங்கேயும் போகாமல் இங்கேயேதான் இருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவர் கேட்டார். நான் பார்த்திருக்கிறேன் சார் என்றாள். நீங்கள் பார்த்தது பேப்பரில் வராதே என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். காகிதங்களை எடுத்ததால் ஃபைல் இப்படி இளைத்துப்போய் நிற்கும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

கதவோரம் நின்ற செல்லம்மாள், ஒரு நிமிசம் சார் என்று வெளியே போய்த் தன் பையோடு வந்தாள். அதிலிருந்து ஜிப் வைத்த புடவைக் கவர் ஒன்றை எடுத்தாள். கவருக்குள் மடிப்புக் கலையாத காகிதங்கள். அவற்றை அவள் நிஜமாகவே சேர்த்து வைத்திருப்பாள் என்று அன்புக்கரசி நினைத்ததே இல்லை.

"அக்கா, அது வேணாம்" என்றாள்.

"இருமா. நீங்க குடுத்ததுதான். பத்திரமா வெச்சுக்கோன்னு சொல்லுவீங்களே, ஒண்ணுகூடத் தொலைக்கல."

அவள் குரலில் பெருமை வழிந்தது. ஆடிட்டர் காகிதங்களை வாங்கித் தேதிவாரியாக அடுக்கினார். பழையவை கார்பன் காப்பி, பிறகு வந்தவை ஜெராக்ஸ். ஒவ்வொன்றையும் படித்தார்.

"அம்மா, இது ஒவ்வொண்ணும் ராஜினாமா லெட்டர்" என்றார் கடைசியில். "ஒவ்வொரு ஏப்ரலும் வேலைய விட்டுட்டீங்க. இதுப்படி உங்க சர்வீஸ் பத்து மாசம்."

செல்லம்மாளுக்கு அது ஏறவில்லை. சிரித்தபடியே, "லீவு லெட்டருதான சார் அது? கிளார்க்கம்மாவக் கேளுங்க" என்றாள்.

மூன்று பேரும் அன்புக்கரசியைப் பார்த்தார்கள். ஆபீஸ் காப்பி ஒன்றுகூட ஃபைலில் இல்லையே ஏன் என்று பாலமுரளி கேட்டான். அவன் விரலிடுக்கில் பேனா உருண்டுகொண்டிருந்தது. ஒரே வாக்கியம் போதும். லீவு லெட்டர் என்று சொல்லி நான்தான் சார் கையெழுத்து வாங்கினேன், உங்கள் அப்பா கமிட்டி வாங்கச் சொன்னது. இதைச் சொன்னால் ஆடிட்டர் எழுதிக்கொள்வார், அவர் எழுதினால் கமிட்டி பதில் சொல்லியாக வேண்டும். பாலமுரளி அதற்குப் பிறகு இவள் காகிதத்தில் கையெழுத்துப் போடுவானா என்பது சந்தேகம். மே பத்து என்பது அவள் கண்முன்னால் வந்து நின்றது.

"ஆபீஸ் காப்பியையும் கரையான் அரிச்சிடுச்சு சார்" என்றாள். பிறகு செல்லம்மாள் பக்கம் திரும்பாமல், "அதுல இன்னா எழுதியிருக்குதோ அதுதான் சார்" என்றாள்.

பாலமுரளி பேனாவைத் திறந்து அவள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான்.

செல்லம்மாள் விஷயத்தில் அவன் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. விதி என்று ஒன்று இருக்கிறதே, தன் கையில் எதுவும் இல்லை என்றான். வழியனுப்பு விழாவில் பொன்னாடையும் பத்தாயிரம் ரூபாயும் கமிட்டி சார்பில் கொடுக்கச் சொல்கிறேன் என்றான். வேலையையாவது தொடரலாமா என்று அன்புக்கரசி மெல்லக் கேட்டுப் பார்த்தாள். விருப்பக் கடிதத்தை ஏற்றுக்கொண்டு ஆர்டர் போட்டாகிவிட்டது, காண்ட்ராக்டர் ஆள் போட்டுவிட்டார், அவரும் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டான். முதலில் போட்ட இருபத்தாறு ராஜினாமாவும் செல்லம்மாளுக்குத் தெரியாமல் போட்டவை. இருபத்தேழாவதை மட்டும் அவள் தெரிந்தே, சந்தோஷமாகப் போட்டிருந்தாள்.

வராந்தாவில் செல்லம்மாள் மணிக்கு அடியில் உட்கார்ந்து காகிதங்களைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டிருந்தாள். அன்புக்கரசி பக்கத்தில் போய் நின்றாள். காறித் துப்பியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருந்தால் இன்னும் நல்லது. செல்லம்மாள் அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை.

"பெரிய எடத்துல நீங்க இன்னா பேச முடியும்மா" என்றாள். முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. "அவுரு சொல்றாமாரியே வெச்சுக்குவோம். வருசா வருசம் நான் வேலைய விட்டேன். வருசா வருசம் ஜூன்ல நீங்க நோட்டுல என் பேர எழுதிக்கினீங்க. இந்த வருசமும் லெட்டர் குடுத்தாச்சு. ஜூன்ல எழுதிடுவீங்க இல்ல?"

ஜூனில் அந்த நோட்டைத் தொட அன்புக்கரசியே அங்கே இருக்கப்போவதில்லை. அது செல்லம்மாளுக்கு நினைவில்லை.

"எழுதிடுவாங்கக்கா" என்றாள் அன்புக்கரசி.

செல்லம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். பையில் கிடந்த விடுவிப்பு ஆர்டரை எடுத்து முழங்காலில் வைத்து நீவி, மற்ற இருபத்தாறோடு கவரில் வைத்து ஜிப்பை இழுத்தாள். இதையும் பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.