மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு விரல்கள்

குருவிக்குப் பத்து வயது. பேச்சு கிடையாது. சக்கர நாற்காலியில் இரண்டு பக்கமும் மெத்தை வைத்துத்தான் அவள் தலையை நிறுத்த வேண்டும். பசித்தாலும் வலித்தாலும் 'கீச்' என்று ஒரே சத்தம் வரும். அதனால் வந்த பெயர். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான வகுப்பில் உதவியாளராக இருந்தவளை எல்லோரும் அக்கா என்றே அழைத்தார்கள். வேனிலிருந்து இறக்குவது, டயப்பர் மாற்றுவது, மசித்த சாப்பாட்டைப் புரையேறாமல் ஊட்டுவது எல்லாம் அக்காவின் வேலை. போன வருடம் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது: குருவியைப் பேச வைப்பது.

அதற்கு ஒரு பலகை இருந்தது. அம்மாவின் புகைப்படம், பால், தண்ணீர், நிறங்கள், அன்றாடப் பொருட்கள், வேண்டும், வேண்டாம், ஆமாம் என்று அதில் படங்களை ஒட்டியிருந்தார்கள். குருவியின் கை விறைத்த கை. தானாக மேலே எழாது. அதனால் அக்கா தன் இரண்டு விரல்களை அவள் மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்துத் தாங்க வேண்டும். முறையைக் காட்டிக்கொடுத்த டீச்சர், "நீங்க நகர்த்தவே கூடாது அக்கா. தாங்கணும், அவ்வளவுதான். அவ போற பக்கம் உங்க கை போகட்டும்" என்றாள். அக்கா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள்.

பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் அந்த விரல் மெல்ல நகர்ந்துபோய் அம்மாவின் முகத்தின் மேல் நின்றது.

குருவியின் அம்மா ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அன்றிலிருந்து மகளை மாலையில் வேனில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் கூட்டிப்போக அவளே வந்துவிடுவாள். கையில் சூட்டுத் தழும்புகளோடு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, "மகாராணி இன்னைக்கு என்ன சொல்றாங்க?" என்பாள். அக்கா விரல் கொடுப்பாள். குருவி பாலைத் தொட்டு, வேண்டாம் என்பதைத் தொடுவாள்.

"ஏண்டி, பால்ல என்ன கோளாறு? ஆடை கிடந்துச்சா?"

விரல் 'ஆமாம்' படத்துக்குப் போகும்.

"பாத்தீங்களா அக்கா, பத்து வருஷம் கழிச்சுப் பேச ஆரம்பிச்சு, முதல்ல என் கைப்பக்குவத்தைத்தான் குறை சொல்றா. அப்படியே அவங்க அப்பா."

அதற்குப் பிறகு வீட்டில் பாலை வடிகட்டித்தான் கொடுத்தாள். குருவிக்குப் பச்சை பிடிக்கும் என்று தெரிந்ததும் கவுன், போர்வை, தம்ளர், கடைசியில் ஜன்னல் திரை வரை பச்சையானது. "வீட்டுக்குள்ள நுழைஞ்சா தோட்டத்துக்குள்ள போற மாதிரி இருக்கு. அவங்க அப்பா, 'அடுத்து எனக்கும் பெயிண்ட் அடிப்பியா'ங்கறாரு."

இந்த வருடம் ஒரு பேசும் கருவி கொடுப்பதாகச் சொன்னார்கள். படத்தைத் தொட்டால் அது சத்தமாகச் சொல்லும். பிள்ளை தானாகத் தேர்ந்தெடுக்கிறாளா என்று பார்த்த பிறகுதான் கருவி. மதிப்பீடு செய்ய வந்த அம்மாளிடம் குருவியின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சின்னப் பொண்ணு குரல் இருக்குமா மேடம்? பெரியவங்க குரல்ல அம்மான்னு கூப்பிட்டா எனக்குச் சிரிப்பு வந்துரும்."

"இருக்கும்மா" என்றாள் மதிப்பீட்டாளர்.

அம்மா வெளியே காத்திருந்தாள். டீச்சர் சுவரோரம் நின்றாள். அக்கா வழக்கம்போல் விரல் கொடுத்தாள். மதிப்பீட்டாளர் முதலில் பந்துப் படத்தை இருவருக்கும் காட்டினாள். குருவியின் விரல் பந்துக்குப் போனது. செருப்பைக் காட்டினாள், செருப்பு. டீச்சர் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

அதன் பிறகு ஓர் அட்டையை மடித்து அக்காவுக்கும் குருவிக்கும் நடுவே மேசையில் நிறுத்தினார்கள். பலகை இருவருக்கும் தெரியும். காட்டுகிற படம் மட்டும் அவரவர் பக்கம்தான் தெரியும். அக்காவின் பக்கம் ஒரு கரண்டி. குருவியின் விரல் நேராகக் கரண்டிக்குப் போனது. மதிப்பீட்டாளரின் முகம் மாறவில்லை. அடுத்து அக்காவுக்கு ஒரு குடை. விரல் குடைக்குப் போனது. அடுத்து அக்காவின் பக்கம் படமே இல்லாத வெற்றுத் தாள். விரல் பலகைக்கு மேல் கொஞ்ச நேரம் அலைந்தது. எதன் மேலும் நிற்கவில்லை.

மதிப்பீட்டாளர் நடுவில் இருந்த மறைப்பை எடுத்தாள். குருவிக்குக் காட்டிய படங்கள் அந்தப் பக்கம் வரிசையாகக் கிடந்தன: சாவி, பூ, நாய்.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் நகர்த்தல மேடம்."

"தெரியும். தெரிஞ்சு யாரும் செய்யறதில்ல. நம்ம மனசுல இருக்கறது நமக்கே தெரியாம விரலுக்கு வந்துரும்."

"இன்னொரு தடவை பாருங்க. இன்னைக்கு அவளுக்குத் தூக்கம் சரியில்ல."

இன்னொரு தடவை பார்த்தார்கள். அப்படியேதான் இருந்தது. டீச்சர் பலகையில் லேசாகப் பெயர்ந்திருந்த ஒரு படத்தை நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் மதிப்பீட்டாளரே வராந்தாவில் வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். சொல்லி முடித்து அவளும் டீச்சரும் போன பிறகு அம்மா வகுப்புக்குள் வந்து வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். குருவி மெத்தையில் தலை சாய்த்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். பால்ல ஆடை யாருக்குப் பிடிக்காது?"

அக்கா எச்சில் துண்டை மடித்தாள்.

"எனக்கு."

"பச்சை?"

அக்காவின் கைப்பை பச்சை. தலையில் மாட்டியிருந்த கிளிப்பும் பச்சை.

"அப்ப ஒரு வருஷமா நான் உங்களோடதான் பேசிட்டு இருந்திருக்கேன்."

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு தெரியும். உங்க மேல கோபமில்ல. கோபம் வந்தாக்கூடத் தேவலை."

அக்கா நாற்காலியின் பிரேக்கை ஒரு தடவை சரிபார்த்தாள். "ஊட்டும்போது பிடிக்கலைன்னா வாயை மூடிக்குவா. அது அவளாச் செய்யறதுதான்."

"அது கைக்குழந்தை கூடச் செய்யும் அக்கா."

அம்மா பலகையை மகளின் மடி மேல் வைத்தாள். "ஒரே ஒரு தடவை பிடிங்க. அம்மான்னு மட்டும். யாரு சொன்னா என்ன."

அக்கா விரல்களைக் கொண்டுபோனாள். மணிக்கட்டைத் தொடும் முன்பே அவள் மனதில் அந்தப் புகைப்படம் வந்துவிட்டது. கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"என்னால முடியாதும்மா. இனிமே என்னால முடியாது."

அம்மா தன் தழும்புக் கையையே மகளின் மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். குருவியின் விரல் தண்ணீரைத் தாண்டியது, பாலைத் தாண்டியது, அம்மாவின் முகத்தின் மேல் வந்து நின்றது.

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் கொண்டுபோனேனா, அவளா வந்தாளான்னு எனக்கே தெரியல அக்கா" என்றாள்.

பிடியை விட்டாள். கை பலகையின் விளிம்பில் தட்டி, மடியில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. குருவி மின்விசிறியைப் பார்த்துக் 'கீச்' என்றாள். அது பசியா வலியா என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா எழுந்து டயப்பரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. மாற்றுவதற்காக இருவரும் சேர்ந்து அவளைத் தூக்கினார்கள்.