அடித்த வரியின் கீழே புள்ளிகள்

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுத உட்காரவில்லை. இது எனக்குத் தீர்ப்பாக வந்தது. ஒரு சங்கக் கூட்டத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் என்னைக் கை காட்டி, "எழுதட்டும். எழுதி எனக்குப் படிச்சுக் காட்டட்டும்" என்றான். முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். கதை எழுதுகிறவள் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

தொடங்குவதற்குள் மூன்று தாள் கிழிந்தது.

"மாலைச் சூரியன் மருத்துவமனையின் ஜன்னல்களில் செந்நிறம் பூச" (வேண்டாம். டயாலிசிஸ் பிரிவில் இருப்பது ஒரே ஜன்னல். அதையும் ஏசி அடைத்துக்கொண்டிருக்கிறது.)

"தலைமை என்பது யாதெனில்" (இதை எழுதியதற்காகக் கண்ணாடியில் என்னையே முறைத்துக்கொண்டேன்.)

"என் அண்ணன் ஒரு சிறுநீரக நோயாளி."

[அண்ணன், ஓரத்தில்: நான் புரூஃப் பார்க்கிறவன். நோயாளி அதுக்கு அப்புறம்.]

இப்படி அடைப்புக்குறிக்குள் அவன் அவ்வப்போது தலையை நீட்டுவான், பொறுத்துக்கொள்ளுங்கள். இது அவன் கதை. எந்த வரியையும் அடிக்க அவனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

2

அண்ணன் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறான். பாடப்புத்தகம், காலண்டர், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாள், எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவான். தெரியாமல் நல்ல வரி ஒன்றை அடித்துவிட்டால் அதைத் திரும்ப எழுத மாட்டான். அடித்த வரியின் கீழே சின்னதாகப் புள்ளிகள் வைத்துக்கொண்டே போவான். 'இது இருக்கட்டும்' என்று அர்த்தம். அச்சகக்காரர்களுக்கு அது புரியும்.

ஆறு வருடமாக அவனுடைய இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி மாலை ஐந்து மணிக்கு நாலாம் நம்பர் படுக்கையில் போய்ப் படுப்பான். மிஷின் அவன் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்ப ஒன்பது மணி ஆகிவிடும். மறுநாள் காலை வழக்கம்போல அச்சகம்.

அண்ணி ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். யார் என்ன சொன்னாலும் அதை அவர்கள் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லி, "சரியா சொன்னேனா?" என்று கேட்ட பிறகுதான் இணைப்புக் கொடுப்பாள். வீட்டிலும் அதே கதைதான். "தலை வலிக்குது அண்ணி" என்றால், "தலை வலிக்குது. சரியா சொன்னேனா?" என்பாள். மாத்திரை அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த ஒரு பழக்கம்தான் அவளைத் தலைவி ஆக்கியது. டயாலிசிஸ் பிரிவின் வெளிவராந்தாவில் காத்திருக்கும் சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தபோது, சத்தமாகப் பேசுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் அண்ணி பேசினால் மட்டும் எல்லாரும், "ஆமா, அதைத்தான் நான் சொன்னேன்" என்றார்கள். பிறகு வேறு யாரைத் தேர்ந்தெடுப்பது?

அவள் கொண்டுவந்த முதல் விதி சிவப்புப் பேனா விதி. அதற்குக் காரணம், அண்ணனைப் போலவே மாலையில் டயாலிசிஸுக்கு வருகிற எங்கள் டாக்சிக்காரர். யாரோ நல்லெண்ணக்காரர்கள் அவர் படத்தைப் போட்டு, 'ஒவ்வொரு நாளும் மரணத்தோடு போராடுகிறார்' என்று போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து வண்டியில் ஏறுகிறவர்கள், "நீங்க ஓட்டலாமா?" என்று கேட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அண்ணி சொன்னாள்: "இனிமே யாரோட கதையும் இந்த இடத்தை விட்டு வெளியே போகாது. போகணும்னா, எழுதி, அவங்களுக்கே படிச்சுக் காட்டி, கையில சிவப்புப் பேனாவைக் குடுக்கணும். அவங்க அடிச்சதுபோக மிச்சம் இருக்கிறதுதான் நம்ம கதை." பேனா அண்ணனுடையது. அச்சகத்திலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான்.

[அண்ணன், ஓரத்தில்: அச்சகத்துல கேட்டுத்தான் எடுத்தேன். அதையும் போடு.]

3

போன மழைக்காலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நர்ஸ்கள் போதவில்லை, அடுத்த மாதத்திலிருந்து மாலை ஷிஃப்ட் கிடையாது, எல்லாரும் பகலில் வரவும்.

ஒரு தாளில் நாலு வரிதான். ஆனால் மாலை ஷிஃப்டில் வருகிற பதினொரு பேரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் மூன்று பகல் படுக்கையில் கிடந்தால் எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? பதினொரு பேரில் அண்ணனும் ஒருவன், டாக்சிக்காரரும் ஒருவர்.

நாயாய் அலைந்து மருத்துவமனை நிர்வாகியிடம் பத்து நிமிடம் வாங்கினாள் அண்ணி. டாக்சிக்காரர் தன் கதையைத் தானே சொல்வது என்று ஏற்பாடு. எழுதிக் கொடுத்தது நான். ஏழு வரியை அவர் அடித்தார், அதில் மூன்று நான் மிகவும் ரசித்து எழுதியவை. (எழுத்தாளர்கள் எல்லாரையும் ஒரு முறை எங்கள் சங்கத்துக்கு அனுப்பலாம். கொழுப்புக் குறையும்.)

நிர்வாகியைப் பார்க்க வேண்டிய அன்று காலை டாக்சிக்காரருக்கு ரத்த அழுத்தம் இறங்கிப்போய்க் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணியே பேசுவது என்று ஆனது. குறிப்பெடுக்க நான் கூடப் போனேன்.

4

நிர்வாகியின் அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் இருந்தன. அவர் கெட்டவர் இல்லை. இந்த இடத்தில் ஒரு வில்லன் கிடைத்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! அவர் தூங்காத கண்களோடு, நர்ஸ்களின் வருகை அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஒரு மனுஷன், அவ்வளவுதான்.

அண்ணி பதினொரு பேரின் வேலையையும் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"புரியுதும்மா. ஆனா பகல்ல வந்தா உயிருக்கு ஒண்ணும் ஆயிடாதே? ட்ரீட்மென்ட் அதேதானே?"

எட்டு நிமிடம் ஆகிவிட்டது. அவர் கை அடுத்த ஃபைலுக்குப் போனது. அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். பிறகு, அண்ணன் வீட்டில் அவளிடம் மட்டும், ஒரே ஒரு தடவை சொன்ன ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டாள்.

5

"அவரு இல்லாத வீட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

(இந்தப் பகுதி முதலில் இரண்டு பக்கம் இருந்தது. இப்போது இருப்பது இவ்வளவுதான். ஏன் என்று எட்டாம் பகுதியில் சொல்கிறேன்.)

6

நிர்வாகி ஃபைலை மூடிவிட்டார். ஒரு வாரத்தில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. மாலை ஷிஃப்ட் தொடரும். வராந்தாவில் டாக்சிக்காரர் அழுதார். எல்லாரும் அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அறையில் அண்ணி அதைச் சொன்னபோது நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள், 'அடடா, என்ன வரி!' என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நிர்வாகி நல்ல எண்ணத்தில் நர்ஸிடம், நாலாம் நம்பர்காரரைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நர்ஸும் நல்ல எண்ணத்தில் அண்ணன் தோளைத் தட்டி, "மேடம் எல்லாம் சொன்னாங்களாம் அண்ணா" என்றிருக்கிறார்.

[இங்கே இரண்டு வரி அடிக்கப்பட்டது.]

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணி பிழைத்திருப்பாள். மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டான். "சாப்பாடு ஆச்சுங்களா?" "சாவி எங்க வச்சீங்க?" பதினேழு வருடம் 'ஏய்' என்று கூப்பிட்ட வாய்.

இன்னொன்றும் உண்டு. அவனுக்குத் தண்ணீர், காபி எல்லாவற்றுக்கும் அளவு. காலையில் பாதி டம்ளர் காபிதான் குடிக்கலாம். முழு டம்ளர் வாங்கி, பாதி குடித்து, மீதியை அண்ணி பக்கம் தள்ளுவான். சர்க்கரை இல்லாத அந்த ஆறின காபி அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆறு வருடமாக அதைத்தான் குடிக்கிறாள். இப்போது அவன் மீதிக் காபியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனான்.

ஒரே ஒரு தடவை என்னிடம் வாய் திறந்தான். "சங்கத்துக்கு எத்தனையோ பேரோட கதை இருக்கு. என்னோடது எனக்கே எனக்குன்னு இருந்துச்சு."

நான் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துத் தோற்றேன். ஒருவருக்காக இன்னொருவர் பேசுவது பெரிய உதவிதான், எங்கள் சங்கமே அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பேசுகிறவர் கையில் அடுத்தவருடைய வீட்டுச் சாவி இருக்கிறது. வேண்டியவர்கள் என்றால் கேட்காமலே திறந்துவிடத் தோன்றும். அண்ணி அந்நியராக இருந்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

[அண்ணன், ஓரத்தில்: பிரசங்கம் போதும். கதைக்கு வா.]

7

அடுத்த மாதக் கூட்டத்தில் அண்ணி எழுந்து நின்றாள்.

"நான் விதியை மீறிட்டேன். ஒருத்தரோட கதையை அவரைக் கேக்காம வெளியே சொல்லிட்டேன். என்ன கதைன்னு கேக்காதீங்க. என்னைத் தலைவி பதவியில இருந்து எடுத்துடுங்க."

டாக்சிக்காரர் எழுந்தார்.

"அக்கா, நீங்க சொன்னதாலதான் நான் இன்னிக்கு வண்டி ஓட்டுறேன். நான் எந்த வாயால உங்களைக் குத்தம் சொல்றது?"

அவர் சொன்னது நியாயம். அதுதான் சங்கடமே. அங்கே இருந்த பத்துப் பேருடைய வேலை அந்தத் தப்பின் மேல் நின்றுகொண்டிருந்தது. பதினோராவது ஆள் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லையே, யாருடைய கதை என்று தெரியாமலா இருக்கும்?

அண்ணன் தொண்டையைச் செருமினான். "பதவியை விட்டுட்டா சரியாப் போச்சா? விதின்னு ஒண்ணு இருக்குல்ல. எழுதி, படிச்சுக் காட்டி, பேனாவைக் குடுக்கணும். எனக்கு இன்னும் யாரும் படிச்சுக் காட்டலை."

"இப்ப எழுதி என்னங்க ஆகப்போகுது?" என்றாள் அண்ணி.

"ஆகுதோ இல்லையோ, முறைன்னா முறை." என்னைக் கை காட்டினான். "அவ எழுதட்டும். எழுதி எனக்குப் படிச்சுக் காட்டட்டும். இல்ல, அவ எழுதட்டும். தலைவி படிக்கட்டும்."

8

இந்தக் கடைசிப் பகுதியை மட்டும், படித்துக் காட்டிய பிறகு எழுதினேன்.

முன்பே எழுதி வைத்த முடிவுகள் மூன்று. எல்லாம் அடிபட்டுவிட்டன. ஆனாலும் ஆசை விடவில்லை.

முடிவு ஒன்று: அண்ணன் மீதிக் காபியை அண்ணி பக்கம் தள்ளுகிறான்.
[அண்ணன், ஓரத்தில்: நடக்காததை எழுதாதே.]

முடிவு இரண்டு: "போனது போகட்டும் கண்ணே" என்று அவள் கண்ணைத் துடைக்கிறான்.
[அண்ணன், ஓரத்தில்: நான் என்னிக்காவது இப்படிப் பேசியிருக்கேனா?]

முடிவு மூன்று: மன்னிக்காமலே ஒரு நாள் அவன் இறந்துபோகிறான்.
[அண்ணன், ஓரத்தில்: உனக்கு என்ன அவசரம்?]

நடந்தது இது. ஒரு சனிக்கிழமை, மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு, நாலாம் நம்பர் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அண்ணி படித்தாள். நாலு மணி நேரத்துக்கு எழுந்து போக முடியாத வாசகர் வேறு எந்த எழுத்தாளருக்குக் கிடைப்பார்? படுக்கைக்கு ஒருவர்தான் இருக்கலாம் என்பதால் நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். ஊசி ஏறாத வலது கையில் சிவப்புப் பேனா. ஐந்தாம் பகுதி வந்ததும் அண்ணியின் உதடு நின்றுவிட்டது. அண்ணன் ஏதோ சொன்னான். அவள் மறுபடி படித்தாள். இரண்டு பக்கத்தையும் முடித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். என்ன கேட்டாள் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரியும். சரியா சொன்னேனா?

அவன் என்ன பதில் சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை.

தாள்களை வாங்கித் தொடையில் வைத்துக்கொண்டு ஐந்தாம் பகுதி முழுவதையும் அடித்தான். வரி வரியாக, நிதானமாக. அடித்து முடித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேனா மறுபடி குனிந்தது.

அண்ணி வெளியே வந்து தாள்களை என்னிடம் கொடுத்தாள். சிவப்புக் கோடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு வரியின் கீழே புள்ளிகள் இருந்தன. படுத்தபடியே வைத்ததால் வரிசை கோணலாக ஓடியது. எந்த வரி என்று நீங்கள் படித்துவிட்டீர்கள்.

"மிச்சமெல்லாம் அவரோடதாம்" என்றாள் அண்ணி. "இது ஒண்ணுதான் என்னோடதாம். அடிக்க அவருக்கு உரிமை இல்லையாம்."

"மன்னிச்சுட்டானா அண்ணி?"

"அதை நான் கேக்கலை."

"நீங்க கேட்டதுக்கு என்ன சொன்னான்?"

"அதை எழுதணும்னா அவரைக் கேளு" என்றாள் தலைவி. திருந்திவிட்டாள். எனக்குத்தான் நஷ்டம்.

எனக்கு இவர்கள் இரண்டு பேரையும் அவ்வளவு பிடிக்கும். அதனால் இதற்கு மேல் என்னை நம்ப முடியாது, காபி டம்ளரை நானே பிடித்துத் தள்ளிவிடுவேன். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, எழுதியதை அவனிடம் படித்துக் காட்ட வேண்டும். செவ்வாய், வியாழன், சனி, மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, நாலாம் நம்பர் படுக்கை. பேனா அவனே வைத்திருப்பான். அவசரமில்லை, அவன் எங்கேயும் போக மாட்டான்.

[அண்ணன், ஓரத்தில்: போக மாட்டேன். அச்சிடலாம்.]