மச்சினன் கணக்குக்கு வந்த பணம்

மழை பொய்த்து மூன்றாவது வருஷம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோப்பில் தென்னை மட்டைகள் காய்ந்து தொங்கின. போர் போட்டால் மரங்கள் பிழைக்கும். மஸ்கட்டில் வெல்டராக இருக்கும் என் மகன் கிருபாசங்கர், அதற்கென்றே பணம் சேர்த்து வைத்திருந்தான்.

"பேங்கோட ஸ்விஃப்ட் கோடு வேணுங்கப்பா, வெளிநாட்டுப் பணம் வாங்கற பேங்குக்குன்னு இருக்கற நம்பரு. அது இல்லாம இங்க பணத்த வாங்க மாட்டேங்கறாங்க" என்று போனில் சொன்னான்.

எங்கள் ஊர் பேங்க் மேனேஜர் கையை விரித்தார். "அதெல்லாம் கோயமுத்தூர் பெரிய கிளைக்குத்தானுங்க. அங்க வந்து, அப்பறம் உங்க கணக்குக்கு வரோணும். நாளாகுமுங்க."

தென்னைக்கு ஏது நாள்? என் மனைவி ராமாமணி வழி சொன்னாள். "எந்தம்பி கணக்கு அந்தப் பெரிய கிளையிலதானுங்க இருக்குது. அதுல போடச் சொல்லுங்க. அன்னைக்கே கொண்டாந்துருவான்."

அவள் தம்பி நஞ்சப்பன் துடியலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் மச்சினனிடம் உன் பணம், என் பணம் என்று பிரித்துப் பேசினாலே பெண் எடுத்த வீட்டில் முகம் சுளிப்பார்கள். சரி என்று மகனுக்கு அவன் கணக்கு நம்பரைச் சொன்னேன், போர் வண்டிக்கும் சொல்லிவிட்டேன்.

வண்டிக்கு முன்னால் நஞ்சப்பன் வந்தான், வெறுங்கையோடு.

"பட்டறைக் கடன் பாக்கி இருந்துச்சுங்க மச்சான். பணம் வந்ததும் பேங்க்காரங்க அதுக்கு எடுத்துப்போட்டாங்க. எனக்கே தெரியாதுங்க" என்று மரத்தடியில் உட்கார்ந்து அழுதான். பொய்யனாக இருந்தால் காறித் துப்பியிருப்பேன். போர் வண்டியை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

கோயமுத்தூர் பேங்குக்குப் போய்க் கத்தினேன். "எம்மவன் பணமுங்க அது!"

"அனுப்புன பேப்பர்ல உங்க பேரே இல்லீங்களே" என்றார் அதிகாரி. கோடும் சரி, கணக்கு நம்பரும் சரி. இதில் யாரிடம் போய் முறையிடுவது?

வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு மகன் கூப்பிட்டான். "தண்ணி வந்துருச்சுங்களாப்பா?"

பாலை மணலில் வெந்து சம்பாதித்தவனிடம், உன் மாமன் கடனுக்குப் போயிற்று என்று எந்த வாயால் சொல்வேன்?

"வந்துருச்சு கண்ணு."

"உப்புத் தண்ணிங்களா, நல்ல தண்ணிங்களா?"

பக்கத்தில் நின்ற ராமாமணி ரிசீவரை வாங்கினாள். "நல்ல தண்ணி கண்ணு. நானே குடிச்சுப் பாத்தேன்."

வெளியே வந்ததும், தோப்புப் பக்கம் போக வேண்டாம் என்றாள். எங்கள் வீட்டுக்குத் தோப்பு வழியாகத்தான் போக வேண்டும்.